12 வேலை தொடங்கி, ஒன்றும் முடியாத கதை

தேக்கா உணவங்காடியில் பரோட்டாவுக்கு வரிசையில் நின்றபோது அக்கா மகன் பெருமையாகச் சொன்னான்: "எல்லா வேலையும் 90 விழுக்காடு முடிஞ்சிருச்சு மாமா." பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு. ஐந்து பேர் சேர்ந்து, முதியவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி செய்கிறார்கள். காட்டு என்றேன். காட்ட ஒன்றுமில்லை. 12 வேலை தொடங்கியிருந்தது, ஒன்றுகூட முடியவில்லை.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. படிக்கும்போது நாங்களும் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டு போய், கடைசி வாரத்தில்தான் இணைத்தோம். நான் தேதியை நாள், மாதம் என்று எழுதியிருந்தேன். நண்பன் மாதம், நாள் என்று. ஏப்ரல் 3க்குப் போட்ட பதிவு மார்ச் 4இல் போய் உட்கார்ந்துகொண்டது. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே சரி. தவறு நடுவில் இருந்தது. இணைக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது.

மென்பொருளைச் சிறுசிறு பகுதியாகச் செய்து காட்டிக்கொண்டே போவதை அஜைல் முறை என்பார்கள். அவற்றில் அதிகம் புழங்கும் ஸ்க்ரம், அந்த இணைப்பு நாளைத் தள்ளிப்போட விடுவதில்லை. ரக்பியில் ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் பின்னிப் பந்துக்கு முட்டுவார்களே, அந்தப் பெயர்தான். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் 1995இல் முன்வைத்தது. காலத்தை ஸ்பிரிண்ட் எனும் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒரு துண்டு ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. மாணவர்களுக்கு இரண்டு வாரம் பொருந்தும். துண்டின் முடிவில், ஓடுகிற ஏதோ ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரு மாத்திரைக்கு ஒரு மணி அடித்தால் போதும், ஆனால் திரையில் தொட்டது தரவுத்தளம்வரை போய்த் திரும்பி வந்து அடிக்க வேண்டும். எங்கள் தேதிக் குளறுபடி இப்படிச் செய்திருந்தால் இரண்டாம் வாரமே வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

சரி, 12 வேலையை ஒன்றாகத் தொடங்கினால் என்ன கெட்டுவிடும்? வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி ஒன்று இருக்கிறது. உள்ளே கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடிகிற எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் உள்ளே கிடக்கும் என்று தெரியும். ஐவரும் வாரத்துக்கு 3 வேலை முடிக்கக்கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 திறந்து கிடந்தால் ஒவ்வொன்றும் 4 வாரம் இழுக்கும். 3 மட்டும் திறந்திருந்தால் ஒரே வாரம். யாரும் கூடுதலாக உழைக்கவில்லை. பரோட்டாக்காரர் கல் கொள்ளும் அளவுக்குத்தான் போடுகிறார். வரிசை நீளம் என்பதற்காக 20 உருண்டையையும் தட்டிக் கல்லில் அடுக்குவதில்லை.

மூன்று பேர் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் மீதி இருவர் என்ன செய்வது என்று கேட்டான். அடுத்தவன் எழுதியதைச் சோதிக்கட்டும், சிக்கியவன் பக்கத்தில் போய் உட்காரட்டும். ஒரே நேரத்தில் இத்தனை வேலைதான் என்ற இந்த உச்சவரம்பு ஸ்க்ரமின் சொந்தச் சரக்கல்ல, டொயோட்டா ஆலையில் பிறந்த கான்பான் எனும் வேலைமுறை தந்தது. இரண்டையும் கலந்துகொள்வதில் தப்பில்லை.

ஸ்க்ரம் நாள்தோறும் 15 நிமிடக் கூட்டம் கேட்கிறது. வேறு பாடங்களும் பகுதிநேர வேலையும் இருக்கும் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று முறை போதும் என்பது என் கட்சி. "நேற்று என்ன செய்தாய்" என்று விசாரித்தால் அது வருகைப் பதிவேடாகிவிடும். எது சிக்கி நிற்கிறது என்று கேட்டால் போதும்.

விரிவுரையாளர் மதிப்பெண் போடுபவர், மாத்திரை சாப்பிடுபவர் அல்ல. ஆகவே முதல் ஸ்பிரிண்ட் முடிந்ததும் கைப்பேசியை அவன் பாட்டியிடம், அதாவது என் அம்மாவிடம், கொடுக்கச் சொன்னேன். மணி அடித்தது. அம்மா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பேரெல்லாம் யாருப்பா படிக்கிறது? வெள்ளையா மஞ்சளான்னு காட்டு."

அவன் ஒரு புதுத் தாளில் அதை எழுதி, செய்யவேண்டிய வேலைகளை ஒட்டிவைக்கும் பலகையின் உச்சியில் ஒட்டினான். இடம் பற்றவில்லை. 'பின்னணி இசை' என்றிருந்த தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.