தோட்டாவைத் துலக்காதீர்கள்

கடந்த மாதம் ஒருவர், மறைந்த தம் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த ஆறு தோட்டாக்களைச் சம்படத்தில் போட்டு, நகரப் பேருந்திலேயே எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். அடியிலுள்ள எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று, முந்தைய இரவு அவற்றைப் புளியும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக் குத்துவிளக்கைப் போலப் பளபளக்க வைத்திருந்தார். தோட்டாக்களை ஆய்வதே தொழிலான எனக்கு இந்த ஆண்டில் இது மூன்றாவது அனுபவம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவை பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்கான பாயின்ட் 303 (0.303 அங்குல) தோட்டாக்கள். நான்கின் அடியில் இருந்த கே, எஃப் ஆகிய எழுத்துகள் புனேக்கு அருகிலுள்ள கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையைக் குறிப்பவை. 43 என்பது தயாரித்த ஆண்டான 1943. ரோமன் எண்ணில் இருந்த 7 என்பதை அவர் ஏழு மில்லிமீட்டர் என்று எண்ணியிருந்தார். அது அளவே அன்று. 1910இல் ஏற்கப்பட்ட 'மார்க் 7' சாதாரணத் தோட்டா என்பதற்கான அடையாளம்.

மற்ற இரண்டில் பி என்ற எழுத்து இருந்தது. மோதியதும் தீப்பற்றும் கலவை அடங்கிய தோட்டா அது. 1940இல் பிரிட்டிஷ் போர் விமானங்கள் இவ்வகையைப் பயன்படுத்தின. இந்தத் தோட்டாக்களில் பிரைமரை, அதாவது அடியின் நடுவில் அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடியை, சுற்றிப் பூசிய அரக்கு வளையத்தின் நிறமும் வகையைச் சொல்லும்: ஊதா சாதாரணத் தோட்டா, சிவப்பு செல்லும் தடத்தை ஒளியால் காட்டுவது, பச்சை கவசம் துளைப்பது, நீலம் தீப்பற்றுவது. இன்றைய படைகளில் நீலம் பயிற்சிக்குரிய நிறம் என்று படித்துவிட்டு அதை இந்தப் பழைய தோட்டாக்களுக்கும் பொருத்துபவர்கள் நேர்மாறான முடிவுக்கு வருகிறார்கள். இவர் தேய்த்ததில் ஒரு தோட்டாவில் நகக்கண் அளவு நீலம் மட்டுமே எஞ்சியிருந்தது.

எல்லாவற்றையும்விட என்னைச் சலிப்படையச் செய்வது, "எண்பது வருடம் ஆகிவிட்டதே, இனி எங்கே வெடிக்கப் போகிறது?" என்ற கேள்விதான். அடியில் இருப்பது தயாரித்த ஆண்டு. மாத்திரை அட்டையில் இருப்பதைப் போன்ற காலாவதித் தேதி அன்று. அந்த அரக்கு வளையமே ஈரம் புகாமல் காக்கும் அடைப்பு என்பதால், உள்ளிருக்கும் வெடிமருந்து பல ஆண்டுகளுக்குக் கெடாமல் இருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போர்க்காலத் தோட்டாக்கள் இன்றும் சுடுகின்றன. பித்தளை கறுத்திருப்பதோ பச்சை பூத்திருப்பதோ மருந்து செத்ததற்கு அடையாளம் ஆகாது. பிரைமரில் பள்ளம் விழுந்திருந்தாலும், முன்னால் குண்டு அப்படியே இருந்தால், அது சுட முயன்று வெடிக்காமல் போன தோட்டாவாக இருக்கலாம். அதற்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை.

இன்னொன்று: பித்தளை உறையின் அடியிலுள்ள முத்திரை உறையைப் பற்றி மட்டுமே உறுதியாகச் சொல்லும்; முன்னாலுள்ள குண்டைப் பற்றி அல்ல. 20 மில்லிமீட்டர் விமானப் பீரங்கிக் குண்டுகள் பெரிய தோட்டாவைப் போலவே தோன்றினாலும், பலவற்றின் மூக்கில் ஃபியூஸும் (வெடிக்கச் செய்யும் பொறி) உள்ளே வெடிமருந்தும் இருக்கும்.

ஆகவே தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், குண்டைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். உரிமமின்றி ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றமாகலாம் என்பதால், நினைவுப் பொருளாக மறைத்து வைப்பதும் வேண்டாம். பெட்டியில் கண்டால், தொடாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, 112ஐ அழையுங்கள். தயவுசெய்து எங்களிடமும் தூக்கி வராதீர்கள். அதைக் கையாளப் பயின்றவர்கள் அது கிடக்கும் இடத்துக்கே வருவார்கள்.