அக்ரிமென்ட்ல 90 நாள்னு போட்டிருந்தாலும் கன்சல்டன்டுக்கு சட்டப்படி 45 நாள்தான்

சம்பளத்துக்கு இல்லாம தனியா கன்சல்டிங் பண்ணி, கம்பெனிகளுக்கு இன்வாய்ஸ் போட்டு பணம் வாங்கறவங்க கையெழுத்துப் போடற அக்ரிமென்ட்ல பெரும்பாலும் ஒரு வரி இருக்கும், இன்வாய்ஸ் வந்து 60 நாள்லயோ 90 நாள்லயோ பேமெண்ட் தருவோம்னு. பெரிய கம்பெனி, அவங்க பாலிசியே அப்படித்தான், நாம கேட்டா மாத்தவா போறாங்கன்னு நெறைய பேரு அப்படியே கையெழுத்துப் போட்டுடறாங்க. ஆனா 2006ல வந்த எம்எஸ்எம்இ சட்டத்துல, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான சட்டத்துல, இதுக்கு நேரடியாவே பதில் இருக்கு. அது ஏதோ பட்டறை, ஃபேக்டரி வச்சிருக்கவங்களுக்கான சட்டம்னு நினைக்காதீங்க, சேவை தர்றவங்களும் அதுல வருவாங்க, வீட்டுல ஒத்த ஆளா லேப்டாப்ப வச்சு வேலை பாக்கறவரும் உத்யம்ங்கற அரசுப் பதிவு பண்ணிட்டா குறு நிறுவனம்தான் (2025 ஏப்ரல்லேருந்து முதலீடு 2.5 கோடி, டர்ன்ஓவர் 10 கோடி வரைக்கும் குறு, அதனால நம்மள மாதிரி ஆளுங்க கிட்டத்தட்ட எல்லாருமே இதுக்குள்ள வந்துடுவோம்).

பதிவுக்கு ஆதாரும் பான் கார்டும் இருந்தா போதும், ஆன்லைன்லயே முடிஞ்சிடும், பைசா செலவில்ல. யாராவது பதிவுக் கட்டணம்னு காசு கேட்டா அது அரசு தளம் இல்ல, வெளிய வந்துடுங்க. முக்கியமான விஷயம், வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிடணும். பணம் மாட்டிக்கிட்ட பிறகு பதிவு பண்ணிட்டு பழைய இன்வாய்ஸுக்கு இந்தப் பாதுகாப்பக் கேட்டா சிக்கல்தான், கோர்ட் வரைக்கும் போய் இழுபறி ஆகியிருக்கு. உத்யம் நம்பர அக்ரிமென்ட்லயும் ஒவ்வொரு இன்வாய்ஸ்லயும் போட்டுடுங்க, எங்களுக்குத் தெரியாதேன்னு கிளையண்ட் பின்னாடி சொல்ல முடியாது.

இப்ப 45 நாள் கணக்குக்கு வருவோம். சட்டத்தோட 15வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ரெண்டு பேரும் எழுத்துல ஒரு தேதி பேசிக்கிட்டா அந்தத் தேதிக்குள்ள பணம் தரணும், ஆனா அது எந்தக் காரணத்துக்காகவும் 45 நாளத் தாண்டக் கூடாது. எழுத்துல எதுவுமே பேசலன்னா 15 நாள்தான். இந்த நாள் கணக்கு கம்பெனி வேலைய ஏத்துக்கிட்ட நாள்லேருந்துதான் ஓட ஆரம்பிக்கும், அதுலதான் கம்பெனிங்க வெளையாடும், ரிப்போர்ட் இன்னும் ரிவ்யூல இருக்கு, மேனேஜர் அப்ரூவல் வரலன்னு மாசக்கணக்குல தள்ளுவாங்க. அதுக்கும் சட்டம் வழி வச்சிருக்கு, வேலைய ஒப்படைச்ச நாள்லேருந்து 15 நாளைக்குள்ள எழுத்துல ஆட்சேபம் சொல்லலன்னா ஒப்படைச்ச அன்னிக்கே ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். அதனால வேலைய முடிச்சுட்டு போன்ல சொல்லிட்டு விட்டுடாதீங்க, இன்ன தேதியில இன்னின்னத ஒப்படைச்சிருக்கேன்னு ஒரு மெயில் கண்டிப்பா போடுங்க, நாளைக்கு அந்த மெயில்தான் உங்க கையில இருக்கற ஆதாரம். எங்க கஸ்டமர் எங்களுக்குக் கொடுத்தாத்தான் உங்களுக்குத் தருவோம்னு சில அக்ரிமென்ட்ல வரும், அதையும் இந்த 45 நாளத் தாண்டிக் காட்ட முடியாது, ஏன்னா 24வது பிரிவுப்படி இந்த விதிங்க மத்த எதுக்கும் மேல நிக்கும்.

லேட்டானா வட்டி உண்டு, அதுவும் சாதாரண வட்டி இல்ல, ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட் மாதிரி 3 மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டியா ஏறும். 2024 முழுக்க பேங்க் ரேட் 6.75 சதவீதம், அப்ப வட்டி 20.25 சதவீதம் ஆகுது பாருங்க. அந்த வட்டிய கம்பெனி வருமான வரியில செலவா கழிச்சுக்கவும் முடியாது. இதுக்கு மேல 2024 ஏப்ரல்லேருந்து இன்னொரு பிடியும் வந்துடுச்சு, குறு சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள்ள பணம் தரலன்னா, தர வேண்டிய அந்தத் தொகையவே உண்மையா பணம் கொடுக்கற வருஷம் வரைக்கும் செலவா காட்ட முடியாது. வட்டியப் பத்தி எழுதினா கண்டுக்காத அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் இந்த வரி விஷயத்த எழுதினா கவனிக்கும், அதனால ரிமைண்டர் மெயில்ல இத மரியாதையா ஒரு வரி சேத்துக்கறதுல தப்பே இல்ல, அது மெரட்டல் கெடையாது, உங்க உரிமை.

அப்பவும் பணம் வரலன்னா எம்எஸ்எம்இ அமைச்சகத்தோட ஆன்லைன் போர்ட்டல்ல புகார் பதியலாம், அது இந்த மாதிரி பாக்கித் தகராறப் பாக்கற மாநில வசதியாக்க கவுன்சிலுக்குப் போகும், மொதல்ல சமரசம், அது ஆகலன்னா ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்கு வெளிய நடுவர் விசாரிச்சு தீர்ப்பு சொல்றது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அக்ரிமென்ட்ல டெல்லி கோர்ட், மும்பை ஆர்பிட்ரேஷன்னு போட்டிருந்தாலும் நீங்க இருக்கற மாநில கவுன்சில்லயே புகார் கொடுக்கலாம், 2022ல உச்ச நீதிமன்றமே இந்தச் சட்டந்தான் தனி ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்துக்கு மேலன்னு சொல்லிடுச்சு. கவுன்சில் வழியா வந்த தீர்ப்ப எதிர்த்து கம்பெனி கோர்ட்டுக்குப் போகணும்னா 75 சதவீதத் தொகைய மொதல்ல கட்டணும். 90 நாள்ல முடிக்கணும்னு சட்டம் சொன்னாலும் நடைமுறையில இழுக்கும், அதையும் மனசுல வச்சுக்கங்க. கிளையண்ட் இந்தியாவுக்கு வெளிய இருந்தா இந்த வழி உதவாது, அங்க முன்பணமும் கட்டம் கட்டமா பேமெண்டும்தான் பாதுகாப்பு.

கையெழுத்துக்கு முன்னாடி இன்னும் ரெண்டு வரியப் பாருங்க. வேலை முடிஞ்ச பிறகும் ரெண்டு வருஷத்துக்குப் போட்டி கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாதுன்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 27வது பிரிவுல பொதுவா அது செல்லாது, ஆனா அவங்க ரகசியத் தகவல வெளிய விடக் கூடாதுங்கறது செல்லும். அடுத்தது காப்பிரைட். நீங்க ஊழியர் இல்ல, அதனால எழுதின ரிப்போர்ட்டும் சாஃப்ட்வேர் கோடும் பொதுவா மொதல்ல உங்களோடதுதான், எழுத்துல மாத்திக் கொடுத்தாத்தான் கம்பெனிக்குப் போகும், அதுலயும் எத்தன வருஷம்னு எழுதலன்னா 5 வருஷம், எந்த எடம்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். பெரும்பாலான அக்ரிமென்ட்ல உருவான அந்த நிமிஷமே எல்லா உரிமையும் எங்களுக்குன்னு இருக்கும், அத மட்டும் முழுப் பணமும் வந்து சேந்த தேதியிலேருந்துன்னு மாத்தச் சொல்லிக் கேளுங்க.