படலா, பூட்டா? எக்செல் பாஸ்வேர்டு உண்மையில் என்ன செய்கிறது

நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர் உழவர் குழுவின் நடவு மெஷின் கணக்கு முழுவதும் ஒரே எக்செல் ஃபைலில்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் நிலத்தை இன்னும் மாவிலும் குழியிலும்தான் சொல்வார்கள், ஆனால் மெஷின் வாடகை ஏக்கருக்கு. 100 குழி ஒரு மா, ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். அதனால் மாவைப் போட்டால் பக்கத்துக் கட்டத்தில் ஏக்கர் தானாக வரும்படி ஃபார்முலா எழுதி வைத்திருந்தேன்.

குறுவை நடவு அவசரத்தில் யாரோ ஒரு வரிசையில் அந்த ஃபார்முலாவின் மேலேயே 2 என்று அடித்துவிட்டார்கள். அப்போது அந்த வயல் 6 மா, ஆகவே தப்பு கண்ணிலேயே படவில்லை. அப்புறம் பக்கத்து வயலையும் சேர்த்து 9 மா என்று திருத்தினோம், ஏக்கர் மட்டும் 2 என்றே நின்றுவிட்டது, ஒரு ஏக்கர் வாடகை போயிற்று.

இதைத் தடுக்கத்தான் 'புரொடெக்ட் ஷீட்' இருக்கிறது. எக்செல்லில் எல்லாக் கட்டமும் பிறக்கும்போதே 'லாக்டு' என்ற குறியோடுதான் பிறக்கிறது, ஷீட்டைப் பாதுகாக்கும் வரை அந்தக் குறிக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். ஆகவே முதலில், ஆட்கள் எண் போட வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் 1 அழுத்தி, 'புரொடெக்‌ஷன்' பக்கத்தில் லாக்டு டிக்கை எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் 'ரிவ்யூ' மெனுவில் புரொடெக்ட் ஷீட். இந்த வரிசையை மாற்றினால் ஒருத்தராலும் ஒன்றும் எழுத முடியாது, பலர் இங்கேதான் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

சரி, அங்கே கேட்கிற பாஸ்வேர்டு எவ்வளவு பலம்? கொல்லை வாசலில் ஆடு நுழையாமல் சாத்துகிற மூங்கில் படல் அளவுக்குத்தான். 2007-இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (.xlsx என்று முடிகிற) எக்செல் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை, அதாவது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரே ஃபைல். பிரித்தால் ஒவ்வொரு ஷீட்டும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக, அதாவது யாரும் திறந்து படிக்கிற வெறும் எழுத்துக் கோப்பாக, உள்ளே கிடக்கும், 'இந்த ஷீட் பாதுகாக்கப்பட்டது' என்பதும் அதில் ஒரு குறிப்பு மட்டுமே. அந்தக் குறிப்பை அழித்துவிட்டு மறுபடி மூட்டை கட்டினால் பாதுகாப்பு போச்சு. பழைய பதிப்புகளில் பாஸ்வேர்டை வெறும் 16 பிட் அளவுள்ள சின்ன எண்ணாகச் சுருக்கி வைத்தார்கள், அதனால் வேறு வேறு சொற்கள் ஒரே எண்ணுக்கு வந்து, ஏதோ ஒரு சொல்லே திறந்துவிடும். 2 லட்சத்துக்கும் குறைவான முயற்சியில் ஒரு மேக்ரோ (எக்செல்லுக்குள் ஓடும் சின்ன நிரல்) அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். 2013 பதிப்பு முதல் பாஸ்வேர்டை எஸ்எச்ஏ-512 என்ற, திருப்ப முடியாதபடி உருமாற்றும் முறையில் லட்சம் தடவை சுழற்றிச் சேமிக்கிறது, சொல்லைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான், ஆனால் குறிப்பையே அழிப்பவருக்குச் சொல் எதற்கு? கட்டங்களில் போட்ட எண்களும் உள்ளே அப்படியே படிக்கிற மாதிரிதான் கிடக்கின்றன.

ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்பது வேறு விஷயம், அதுதான் பூட்டு. 'ஃபைல்', 'இன்ஃபோ', 'புரொடெக்ட் ஒர்க்புக்', 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' என்று போனால் வரும். அங்கே பாஸ்வேர்டிலிருந்து உருவாகிற சாவியைக் கொண்டு ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் முழு ஃபைலும் குழம்பிய எண்களாகிவிடும், அழிக்க ஒரு குறிப்பும் வெளியே இருக்காது. மிச்சமுள்ள ஒரே வழி ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்ப்பது, அதனால் வண்டி நம்பரின் கடைசி நான்கு எண்ணை வைக்காதீர்கள், மொத்தமே 10,000 வாய்ப்புதான். நீளமாக வையுங்கள், மறந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது.

எங்கள் ஃபைலில் இப்போது மா, குழி கட்டங்கள் மட்டும் மஞ்சள், மற்றதெல்லாம் லாக். ஷீட்டுக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை, காலியாக விட்டாலும் பாதுகாப்பு வேலை செய்யும், கைதவறி அடிப்பதைத் தடுக்க அது போதும். உறுப்பினர்களின் ஆதார், வங்கிக் கணக்கு எண்களை மட்டும் தனி ஃபைலாக்கி, திறக்கவே பாஸ்வேர்டு போட்டு, அந்தச் சொல்லை இரண்டு வீட்டு நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறோம்.