கண் மின்னுது, கால் நகரல

ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போன இடத்தில் தங்கச்சி மகளுக்கு ஒரு பொம்மை நாய் வாங்கிக் கொடுத்தேன். 250 ரூபாய். அட்டைப்பெட்டியின் மேல் இருந்தது புசுபுசுவென்று ஒரு குட்டி. கைதட்டினால் ஓடி வருகிற மாதிரி படம். உள்ளே இருந்தது சொறி பிடித்துப் பாதி முடி கொட்டிய ஏதோ ஒன்று. நாலு வயதுக்காரிக்கு அதெல்லாம் கணக்கில்லை. வேதாளைக்கு வந்து சேர்வதற்குள் மணி என்று பெயரும் வைத்துவிட்டாள்.

கைதட்டினால் வரும் என்பது பாதி உண்மைதான். தட்டினால் வரும். குக்கர் விசில் அடித்தாலும் வரும். கச்சான் காற்று வீசினால் திண்ணையில் தனியாக நின்று விடாமல் குரைக்கும். நாயின் கழுத்தில் மிளகு அளவு மைக் ஒன்று இருக்கிறது. அதற்குள் உள்ள மெல்லிய ஏடு காற்று அதிர்ந்தால் அதிரும், அது சின்ன மின் துடிப்பாக மாறும். துடிப்பு ஓர் அளவைத் தாண்டியதா என்று மட்டும்தான் சிப் பார்க்கிறது. எது கைதட்டு, எது கச்சான் என்று பிரித்துப் பார்க்கும் அறிவு 250 ரூபாய்க்குள் வராது.

ஒன்றரை மாதம் மணி இப்படியே ஓடியது. அப்புறம் ஒரு காலையில் சுவிட்சைப் போட்டால் கண் இரண்டும் சிவப்பாக மின்னின. 'வ்' என்று ஒரு சத்தம். உடனே எல்லாம் அணைந்தது. மறுபடி கண் மின்னி, மறுபடி 'வ்'. விக்கல் எடுத்த மாதிரி இதுவே திரும்பத் திரும்ப. கால் மட்டும் அசையவில்லை.

"மாமா, மணிக்குக் காய்ச்சலா?"

செல் தீர்ந்திருக்கும் என்று இரண்டு புதுசு வாங்கிப் போட்டேன். அதே விக்கல். சரி, பிரித்தே பார்த்துவிடலாம் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

தோலை உரித்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. வயிற்றில் கட்டைவிரல் நுனி அளவு மோட்டார். அதன் அச்சில் 8 பல் உள்ள குட்டிச் சக்கரம். அது 40 பல் சக்கரத்தைக் கடிக்கிறது. இப்படி மூன்று அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறையும், ஆக மொத்தம் 125-ல் ஒன்று. மோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால் கடைசிச் சக்கரம் 48 சுற்றுதான் சுற்றும். வேகம் குறைந்த அளவுக்குத் திருப்பும் விசை கூடுகிறது (உராய்வில் கொஞ்சம் போய்விடும்). அந்தக் கடைசிச் சக்கரத்தில் நடுவை விட்டு ஓரமாக ஒரு முளை. சக்கரம் சுற்ற, முளை காலை முன்னும் பின்னும் ஆட்டுகிறது.

ஆனால் காலை முன்னும் பின்னும் ஆட்டினால் மட்டும் எதுவும் நடக்காது. நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். பாதத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் சூட்சுமம் தெரிந்தது. ஒரு பக்கமாக மட்டும் உருளும் குட்டிச் சக்கரம் ஒவ்வொரு பாதத்திலும் இருக்கிறது. கால் முன்னே போகும்போது அது உருண்டு கொடுக்கும். பின்னே வரும்போது பூட்டிக்கொண்டு தரையைப் பிடிக்கும், உடம்பு முன்னே நகரும். இதை யோசித்தவர் யாரோ, கெட்டிக்காரர். பொம்மையிலேயே எனக்குப் பிடித்த பாகம் இதுதான்.

இவ்வளவும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பல்கூட உடையவில்லை. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். செல் இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். மோட்டார் முனையில், அது கிளம்ப முயலும் நேரத்தில், 1 வோல்ட்தான். நடுவில் 2 வோல்ட்டை எது தின்றது?

செல் உட்காரும் குழியில் உள்ள ஸ்பிரிங். வாங்கும்போது பளபளவென்று இருந்தது, இப்போது செங்கல்பொடி நிறத்தில் துரு.

துரு மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிடவில்லை, சிரமப்படுத்தித்தான் கடக்க விடுகிறது. அந்த இடத்தில் 4 ஓம் தடை சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கண் விளக்குக்கு வேண்டியது 10 மில்லி ஆம்பியர் அளவு. அதற்கு இந்தத் தடையில் வீணாவது வெறும் 0.04 வோல்ட். அதனால்தான் கண் ஜோராக மின்னுகிறது. மோட்டாரின் கதை வேறு. அதன் கம்பிச்சுருளின் தடை 2 ஓம் என்று கொண்டால், மொத்தம் 6 ஓம். 3 வோல்ட்டை 6-ஆல் வகுத்தால் அரை ஆம்பியர். அந்த அரை ஆம்பியர் 4 ஓம் துருவைக் கடக்கையில் 2 வோல்ட் காலி. மீதி 1 வோல்ட்டை வைத்துக்கொண்டு மோட்டார் நாலு காலையும் ஆட்ட வேண்டும்.

கிளம்பும் நொடியில்தான் மோட்டாருக்கு அதிக மின்சாரம் வேண்டும். சுற்றத் தொடங்கிவிட்டால் அதுவே எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கித் தன் பசியைக் குறைத்துக்கொள்ளும். விசைப்படகில் செல்ஃப் எடுக்கும்போது கேபின் விளக்கு ஒரு நொடி மங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விக்கலுக்கும் காரணம் இதுதான். சிப் விழித்து மோட்டாரைக் கிளப்புகிறது. மின்னழுத்தம் சரிகிறது. சிப்புக்கே போதாமல் போய் அது அணைகிறது. மோட்டாரும் நிற்கிறது. இழுப்பவர் இல்லாததால் அழுத்தம் மீள்கிறது, சிப் விழிக்கிறது, மோட்டாரைக் கிளப்புகிறது...

ஒன்றரை மாதத்தில் எப்படி இவ்வளவு துரு? இந்தக் கடற்கரையில் அதைக் கேட்கவே வேண்டாம். அடுக்களையில் உப்பு ஜாடி தானாகக் கசிவதைப் பார்க்கிறோம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்பே, 33 சதவீதத்திலேயே இழுத்துவிடும். ஆக, காற்றில் வரும் உப்புத்தூள் ஸ்பிரிங்கில் ஒட்டினால் அங்கே எப்போதும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தோடு மல்லுக்கு நின்றதும் இதே காற்றுதான். சிக்ரி என்று நாம் சொல்லும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் சும்மா அல்ல.

ஸ்பிரிங்கின் பளபளப்புக்குக் காரணம் நிக்கல் பூச்சு. பூச்சு இருந்துமா துருப்பிடித்தது என்றால், பூச்சால்தான் இன்னும் வேகமாகப் பிடித்தது. மலிவுப் பூச்சில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். அதன் வழியே உப்புநீர் இரும்பைத் தொட்டதும் இரும்பு, நிக்கல், உப்புநீர் மூன்றும் சேர்ந்து ஒரு மின்கலம் ஆகிவிடும். அதில் கரைந்து போவது இரும்பு. பூச்சு துத்தநாகமாக இருந்திருந்தால் இரும்புக்குப் பதிலாக அது கரைந்திருக்கும். படகு அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது அதற்காகத்தான்.

சாதாரணப் பென்சில் செல்லும் துத்தநாகம் கரையும் கலம்தான். 1866-ல் ஜார்ஜ் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த கலத்தின் வாரிசு. ஆக மணியின் வயிற்றில் இரண்டு கலங்களுக்குக் காசு கொடுத்திருந்தேன், மூன்றாவதைக் கடல் இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உப்பு தந்த வியாதிக்கு உப்புத்தாள். செல்லைப் போட்டதும் மணி எழுந்து நடந்தது. ஆனால் தேய்த்ததில் மிச்சமிருந்த நிக்கலும் போய்விட்டது என்பது பத்து நாள் கழித்து மறுபடி விக்கல் எடுத்தபோதுதான் உறைத்தது. தேய்த்த கையோடு வாஸ்லின் தடவி ஈரத்தை மறித்திருக்க வேண்டும்.

இந்த முறை வாஸ்லினோடு போனேன். மணியின் கழுத்தில் அதற்குள் தங்கூசி (மீன்பிடி நைலான் நரம்பு) கட்டியாகிவிட்டது. செல்லை எல்லாம் கழற்றிவிட்டு வாசல் சிமெண்டில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறாள். முன்பக்கம் இழுத்தால் நாலு பாதமும் கிறுகிறுவென்று உருண்டு வருகின்றன. பின்பக்கம் தள்ளினால்தான் மணி அடம்பிடிக்கிறது.