ஸ்டட் பூட்டும் முன் டனலை அளந்து பாருங்கள்

கனடாவின் ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் மின்னசோட்டாவிலும் ஏரிகள் உறையத் தொடங்கியதும் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டுபவர்கள் கேட்பது, "96 ஸ்டட் போதுமா, 144 போடணுமா?" என்றுதான். ஸ்டட் என்பது டிராக்கில், அதாவது வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டையில், பூட்டும் கூர்முனை ஆணி. இறுகிய பாதையிலும் வெற்று ஐஸிலும் ரப்பர் டிராக் மட்டும் இருந்தால் பிரேக் பிடித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ஸ்டட் இருந்தால் நிற்கும். அதனால் எண்ணிக்கையைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் அதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: டிராக்குக்கும் அதன் மேலே கவிந்திருக்கும் டனல் என்ற உலோகக் கூரைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? இதை அளக்காமல் பூட்டினால், இடம் போதாத வண்டியில் ஸ்டட் முனை எஞ்சினைக் குளிர்விக்கும் கூலரைக் கிழிக்கும். அதிலுள்ள கூலன்ட் திரவம் முழுவதும் ஒழுகி, நடு ஏரியில் எஞ்சின் கொதித்து நின்றுவிடும்.

வண்டி நிற்கும்போது தெரியும் இடைவெளியை நம்பக் கூடாது. வேகமாக ஓடும்போது டிராக் வெளிப்புறமாக உப்பும். த்ராட்டிலை அழுத்தும்போது டிராக்கின் மேல் ஓட்டம் (டனலுக்கு அடியில் ஓடும் பகுதி) இழுபட்டு, தளர்வு, டிராக்கைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் முன்புறம் சேரும். முன்பக்கக் கூலர் இருக்கும் வண்டியில் அது இருப்பதும் அங்கேதான். பிரேக் பிடித்தால் நிலைமை தலைகீழாகும். தளர்வு மேல் ஓட்டத்துக்கு வந்து டனலை நோக்கி எழும்பும். ஆகவே இரண்டு இடங்களையும் அளந்து பாருங்கள். டனல் புரொடெக்டர் எனப்படும் எஃகுப் பட்டைகளை ஸ்டட் ஓடும் கோடுகளுக்கு நேரே ரிவெட் அடித்துப் பொருத்துவது கட்டாயம். டனலுக்கு மேலே பெட்ரோல் டாங்க் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் கூலர் ஓடுகிறது. எனவே டாங்கைக் கழற்றிவிட்டு, டிரில் பிட்டில் ஆழம் காட்டும் தடை வைத்துத் துளையுங்கள். உங்கள் வண்டி மாடலுக்கென்றே விற்கும் புரொடெக்டரை வாங்குவதுதான் நல்லது. இடமே போதாத வண்டிக்கு, டிராக்கின் வெளிப்புறத்தில் நீண்டிருக்கும் ரப்பர் மேடான லக்கிலேயே சிறு கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) முனைகள் பதித்து வரும் ஐஸ் ரிப்பர், ஐஸ் அட்டாக் போன்ற டிராக்கை மாற்றிவிடுவது நேரான வழி.

ஸ்டட்டின் உயரம் லக்கின் உயரத்தைப் பொறுத்தது. முனை லக்கைவிட கால் அங்குலத்திலிருந்து 3/8 அங்குலம் வரை நீண்டால் போதும். அதற்கு மேல் போனால் பிடிப்பு கூடுவதைவிட ஸ்டட் வளைவதும், டிராக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வருவதும்தான் அதிகம். உயரமான லக் கொண்ட மலைப்பனி டிராக்குகளில் ஸ்டட் போடாதீர்கள். நீண்ட ஸ்டட் நெம்புகோலாகி ரப்பரைக் கிழிக்கும். இளகிய ஆழமான பனியில் அதனால் பயனும் இல்லை. ஒற்றை அடுக்கு டிராக் என்றால் தயாரிப்பாளர் எங்கே அனுமதிக்கிறார், அனுமதிக்கிறாரா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். உத்தரவாதமும் அதைப் பொறுத்ததுதான்.

எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு ஸ்டட் என்பது பழைய கணக்கு. தொடக்கத்துக்கு அது சரி. 2.52 அங்குல பிட்ச் (ஒரு லக் வரிசையிலிருந்து அடுத்ததற்குள்ள தூரம்) உள்ள 121 அங்குல டிராக்கில் 48 பிட்ச் வரும், 129 அங்குலத்தில் 51, 137 அங்குலத்தில் 54. பிட்சுக்கு இரண்டு என்றால் 121க்கு 96, மூன்று என்றால் 144. எண்ணிக்கையைவிட, அவை எத்தனை தனித்தனிக் கோடுகளில் ஐஸைக் கீறுகின்றன என்பதுதான் முக்கியம். முன்னால் போன ஸ்டட் கீறிய பள்ளத்திலேயே அடுத்ததும் விழுந்தால் அதற்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. வரிசைக்கு வரிசை விலக்கி, இடமும் வலமும் சமமாக அமையும்படி, துளை இடங்களைக் குறிக்கும் டெம்ப்ளேட் இருக்க வேண்டும்.

டெம்ப்ளேட்டை வைத்து வெள்ளை மார்க்கரால் எல்லாப் புள்ளிகளையும் குறித்தபின் உடனே துளைக்காதீர்கள். எஞ்சினை அணைத்து, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, டிராக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று திருப்பிப் பாருங்கள். ஒரு புள்ளியும், டிராக்கை உட்புறத்திலிருந்து தாங்கும் ஐட்லர் சக்கரம், போகி சக்கரம், ஸ்லைடு ரெயில் ஆகியவற்றின் பாதையில் வரக் கூடாது. ஸ்டட்டின் அகன்ற தலை டிராக்கின் உட்புறத்தில்தான் இருக்கிறது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அதில் ஏறி இறங்கினால் சக்கரமும் டிராக்கும் இரண்டுமே போய்விடும். லக் வரிசைக்கு அடியில் குறுக்கே ஓடும் ஃபைபர் கிளாஸ் கம்பியைத் துளைத்துவிட்டால் டிராக்கின் விறைப்பு அந்த இடத்தில் போயிற்று. டிராக்கில் ஜன்னல் எனப்படும் திறப்புகளின் விளிம்புக்கும், உட்புறத்தில் டிரைவ் ஷாஃப்டின் பற்கள் தள்ளும் டிரைவ் லக்குக்கும் ஒட்டினாற்போல் துளைக்கக் கூடாது.

சாதாரண டிரில் பிட் ரப்பரை அரைத்துச் சூடாக்கி, உள்ளே இருக்கும் நூலிழைகளைப் பிடித்து இழுக்கும். ஸ்டட் தயாரிப்பாளர் தரும் குழல் வடிவக் கட்டர் வட்டமாக வெட்டி எடுக்கும். சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டால் வழுக்கி இறங்கும். உள்ளே அடையும் ரப்பர் துண்டை அடிக்கடி தட்டி எடுங்கள். டிராக் அறை வெப்பத்தில் இருக்கட்டும்.

ஸ்டட்டை உள்ளிருந்து செருகி, வெளியே தாங்கு தட்டான பேக்கர் பிளேட் வைத்து, அதன் மேல் லாக் நட்டைப் பூட்ட வேண்டும். 5/16 அங்குல மரையும் உண்டு, 7 மி.மீ. மரையும் உண்டு, ஒன்றின் நட் மற்றதற்குச் சேராது. நைலான் வளையமுள்ள லாக் நட்டை ஒருமுறை கழற்றினால் புதியது போடுங்கள். இறுக்கும் அளவு பெட்டியிலேயே இருக்கும். தலை டிராக்கின் உட்பரப்போடு சமமாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் ஆடி ஆடித் துளை முட்டை வடிவமாகும். அளவுக்கு மீறி முறுக்கினால் தலை நூலிழைகளை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். இம்பாக்ட் கன்னால் கடைசிவரை இறுக்குபவர்கள் செய்வது இதைத்தான்.

பின்பக்கம் ஐஸைக் கவ்வும்போது, முன்னால் வண்டியைத் திருப்பும் ஸ்கீயின் அடியில் பழைய கார்பைடு ரன்னரே (உலோகக் கம்பி) இருந்தால் ஸ்கீ வழுக்கும். வளைவில் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். ஸ்டட் எண்ணிக்கைக்கு ஏற்றபடி நீளமான கார்பைடும் சேர்த்து வாங்குவதற்குப் பணம் ஒதுக்குங்கள். இதைத் தள்ளிப்போடுவதைவிட ஸ்டட்டைத் தள்ளிப்போடுவது மேல்.

டிராக் இறுக்கத்தைக் கையேட்டில் சொன்ன எடையைத் தொங்கவிட்டு, சொன்ன இடத்தில் அளந்து சரிசெய்யுங்கள். முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டையும் மறுபடி சோதியுங்கள், ரப்பர் அமுங்கித் தளர்ந்திருக்கும். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் வளைந்தது, ஒடிந்தது, காணாமல் போனது ஏதாவது உண்டா என்று பாருங்கள். தார்ச்சாலையும் ரயில் தண்டவாளமும் கார்பைடு முனையை உதிர்த்துவிடும். மின்னசோட்டாவில் தளம் போட்ட பொதுப் பாதைகளில் உலோக ஸ்டட்டுடன் ஓட்டத் தடையும் இருக்கிறது. மற்ற இடங்களின் விதியை அங்குள்ள ஸ்னோமொபைல் கிளப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரெய்லரில் ஏற்றும்போது பலகைக்கு மேல் பிளாஸ்டிக் பட்டை போடாவிட்டால் ஒரே சீசனில் தரை சிராய்ந்துவிடும். பின்பக்கத்தைத் தூக்கி டிராக்கைச் சுழலவிட்டுப் பனியைக் கழற்றும் பழக்கம் உள்ளவர்கள், ஸ்டட் போட்டபின் தடுப்புள்ள ஸ்டாண்டு இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. சுழலும் டிராக்கிலிருந்து ஸ்டட் ஒன்று கழன்றால் அது குண்டு போலப் பாயும். அந்த நேரத்தில் வண்டிக்குப் பின்னால் ஒருவரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கவே கூடாது.