மாத்திரை போட்டும் பூச்சி ஏன் திரும்ப வருகிறது?

"பூச்சி மாத்திரை கொடுத்து மூணு மாசம்கூட ஆகலை டாக்டர், திரும்பவும் வந்துடுச்சு." குழந்தையைக் கூட்டி வரும் பெற்றோர் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இதைவிட வீரியமான மருந்து இருக்கிறதா என்று அடுத்ததாகக் கேட்பார்கள். மாத்திரை பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். புழு மறுபடி எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைத்தான் யாரும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குடற்புழுக்களில் பெரும்பாலானவை நம் வயிற்றுக்குள் இருந்துகொண்டே பெருகுவதில்லை. ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். ஆனால் அவை மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரமாவது கிடந்து பக்குவப்பட்டால்தான் ஒருவரைத் தொற்ற முடியும். ஆக, ஒரு குழந்தையின் குடலில் 20 உருண்டைப்புழுக்கள் இருந்தால் குறைந்தது 20 முட்டைகள் அதன் வாய்க்குள் போயிருக்கின்றன. கழுவாத கை, சரியாகக் கழுவாத காய்கறி, அசுத்தமான தண்ணீர் என ஏதோ ஒரு வழி திறந்து கிடக்கிறது. மாத்திரை இன்றைக்குக் குடலில் இருப்பதைக் கொல்லும், அவ்வளவுதான்.

மண் வழியாகப் பரவும் இந்தக் குடற்புழுக்கள் உலகில் சுமார் 150 கோடிப் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தொற்று அதிகமுள்ள பகுதிகளில் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மாத்திரை தரச் சொல்வதும் அந்த நிறுவனம்தான். தயவுசெய்து அதைத் தவிர்க்காதீர்கள். புழுக்களின் எண்ணிக்கை குறைந்தாலே அவற்றால் வரும் பாதிப்பும் குறையும். வழியை அடைப்பது அதற்கு மேல் செய்ய வேண்டிய வேலை.

கொக்கிப்புழுவுக்கு வாய்கூடத் தேவையில்லை. ஈரமண்ணில் காத்திருக்கும் அதன் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலக்கிறது. நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. வளர்ந்த பிறகும் நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். நாள்தோறும் துளித்துளியாகப் போகும் ரத்தம், மாதங்கள் செல்லச் செல்லப் பெரிய இழப்பாகிவிடும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருபவர்களில் சிலருக்கு மலப் பரிசோதனை செய்தால் கொக்கிப்புழு முட்டைகள் தெரியும். வயிற்றுவலியோ பேதியோ பெரிதாக இருந்திருக்காது. அதனால் புழுவாக இருக்கும் என்ற நினைப்பே யாருக்கும் வந்திருக்காது. திறந்தவெளியில் மலம் கழிக்காமல் இருப்பதும், மண்ணில் இறங்கும்போது செருப்போ பூட்ஸோ போடுவதும் இதற்கு எந்த மருந்தையும்விடப் பெரிய காப்பு. கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதங்களில் பூச்சி மாத்திரை தருவதில்லை. அதற்குப் பிறகும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

திரும்பத் திரும்ப வந்து பெற்றோரைச் சோர வைப்பது இன்னொரு வகை. கீரிப்பூச்சி என்று பலரும் சொல்லும் நூல்புழு. வெள்ளை நூல்துண்டு போல ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். குழந்தை தூங்கிய பிறகு பெண்புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரிப்பில் குழந்தை தூக்கத்திலேயே சொறியும், முட்டைகள் நகக்கண்ணில் ஏறும், காலையில் அந்த விரல் வாய்க்குப் போகும். இந்த முட்டைகளுக்கு மண்ணே வேண்டாம், சில மணி நேரத்திலேயே தொற்றத் தயாராகிவிடும். தலையணை, போர்வை, பொம்மை எதில் ஒட்டியிருந்தாலும் இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும்.

சந்தேகமாக இருந்தால், குழந்தை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், புழு நெளிவது கண்ணுக்கே தெரியும். அல்லது காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன், கண்ணாடி போன்ற செல்லோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்து ஆய்வகத்தில் கொடுக்கலாம். மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் அகப்படாது. அப்புறம் சிகிச்சை. வீட்டில் ஒருவருக்கு வந்தால், மருந்து எடுக்கக்கூடிய எல்லோரும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். மருந்து முட்டைகளைக் கொல்லாது என்பதால் இரண்டு வாரம் கழித்து அதே போல இன்னொரு முறை. இந்த இரண்டாவது வேளையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி உள்ளாடையை மாற்றுங்கள், போர்வையை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவையுங்கள். உதறினால் முட்டைகள் அறை முழுக்கப் பறக்கும். கைக்கு சானிடைசர் போதாது. முட்டையின் ஓடு கெட்டியானது, சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

குழந்தை பல்லை நறநறவென்று கடிக்கிறது, முகத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறது, இனிப்பு அதிகம் சாப்பிடுகிறது, அதனால் பூச்சிதான் என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. மூன்றையும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முட்டை உள்ளே போகாமல் வெறும் சர்க்கரையிலிருந்து புழு உருவாகாது.

நாடாப்புழுவில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சரியாக வேகாத பன்றி இறைச்சியைச் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். ஆனால் அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கையாலோ காயாலோ இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், இளம்புழுக்கள் மூளையில் போய்க் கட்டியாகத் தங்கலாம். வளர்ந்த பிறகு திடீரென்று முதல் முறையாக வலிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இறைச்சியே தொடாதவருக்கும் வரலாம். இதற்குப் பூச்சி மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடுவது ஆபத்து. மூளையில் புழு சாகும்போது வீக்கம் அதிகமாகும், ஸ்கேன் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்ய முடியும்.

வழியை அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நரம்புச் சிலந்தி நோயே சாட்சி. இந்த நோய்ப் புழுவின் குஞ்சுகளைச் சுமக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் கலந்த தண்ணீரைக் குடித்தவரின் காலிலிருந்து, ஏறக்குறைய ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் நீளப் புழு மெல்ல வெளியே வரும். 1986-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது. இதற்குத் தடுப்பூசியும் இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்ததும், புழு வெளிவரும் புண்ணுள்ள காலோடு குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டதும்தான் முக்கிய ஆயுதங்கள். அண்மை ஆண்டுகளில் உலகம் முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு 20 மனிதர்களுக்கும் குறைவாகவே இந்த நோய் பதிவாகிறது.

நாய், பூனை வளர்ப்பவர்கள் அவற்றுக்கும் கால்நடை மருத்துவர் சொல்லும்படி பூச்சி மருந்து கொடுங்கள், குட்டிகளுக்குக் கட்டாயமாக. அவற்றின் மலம் கலந்த மணலில் விளையாடும் குழந்தைகளின் கண்வரை போகும் புழுக்கள் உண்டு.

கடைசியாக, உடலுக்குள்ளேயே பெருகும் விதிவிலக்கு ஒன்று: ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு. இதுவும் வெறுங்கால் வழியாக வரும். அறிகுறியே இல்லாமல் பத்து, இருபது ஆண்டுகள்கூட உடலில் இருக்கும். ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து தொடங்கும்போது கட்டுமீறிப் பெருகி உயிருக்கே உலை வைக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுநோய்க்கோ நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுக்கப் போகிறீர்கள், வெறுங்காலோடு மண்ணில் உழைத்த காலமும் உண்டு என்றால், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழக்கமான பூச்சி மாத்திரையான அல்பெண்டசோலை ஒரே ஒரு தடவை போடுவது இதற்குப் போதாது. ஐவர்மெக்டின் என்ற மருந்துதான் முதல் தேர்வு, அதையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.