ஆர்வி கதவில் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் ஆர்வி, அதாவது தங்கும் வசதியுள்ள பயண வண்டி, வாங்கப் போகிறவர்கள் படுக்கை எத்தனை, அடுப்பு எப்படி என்றெல்லாம் பார்க்கிறார்கள். கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். 2008 ஜூன் முதல், நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான நிட்சாவின் 110, 120 எண் விதிகளின்படி இது கட்டாயம். வண்டியின் வலது பக்கத்தில் முன்னால் இருக்கும் கதவைத் திறந்து பாருங்கள்.

அதில் இருக்கும் முக்கியமான எண், இந்த வண்டியில் இன்னும் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது. இழுத்துச் செல்லும் டிரெய்லர் என்றால் சரக்கு மட்டும் கணக்கு. சொந்த இன்ஜினில் ஓடும் மோட்டார்ஹோம் என்றால் ஆட்களும் சரக்கும் சேர்த்து. மோட்டார்ஹோம் பின்னால் வேறு ஏதாவது இழுத்தால், கொக்கியில் அமரும் எடையும் இதே கணக்கில்தான் வரும்.

பலர் ஏமாறுவது தண்ணீரில். தொட்டி நிறைந்தால் எத்தனை பவுண்டு என்று அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்கும். ஒரு கேலன் 8.3 பவுண்டு. உங்கள் டிரெய்லருக்கு 1,200 பவுண்டு அனுமதி, தொட்டி 50 கேலன் என்று வையுங்கள். தண்ணீரே 415 பவுண்டைத் தின்றுவிடும். மீதி 785. அதற்குள் பாத்திரம், மளிகை, துணிமணி, மடக்கு நாற்காலி, கருவிப் பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். இடம் இருக்கிறதே என்று அலமாரிகளை நிரப்பினால் வரம்பு எப்போது தாண்டியது என்றே தெரியாது. முகாம் இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டே போகலாம்.

இன்னொரு சீட்டும் உண்டு, தயாரிப்பாளரின் சான்றுச் சீட்டு. டிரெய்லரில் இது வெளிப்புறம், இடது பக்க முன்பகுதியில் இருக்கும். வண்டி சரக்கோடு சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்பது ஜி.வி.டபிள்யூ.ஆர். ஒவ்வொரு அச்சும் எவ்வளவு தாங்கும் என்பது ஜி.ஏ.டபிள்யூ.ஆர். மொத்தம் சரியாக இருந்தும் ஓர் அச்சில் மட்டும் பாரம் மீறலாம். டயர் வெடிப்பது இப்படியும்தான். டயர் அளவும் காற்றழுத்தமும் அதிலேயே இருக்கும். அந்த அழுத்தம் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டியது.

ஆர்வி தொழில்துறைச் சங்கத்தின் முத்திரையும் பல வண்டிகளில் தெரியும். மின்சாரம், குழாய், தீப்பாதுகாப்பு சம்பந்தப்பட்டது அது. அரசு முத்திரை அல்ல, எடையைப் பற்றி எதுவும் சொல்லாது.

முதல் விற்பனைக்கு முன் டீலர் கூடுதலாக எதையாவது பொருத்தினால், அதன் எடை 100 பவுண்டு அல்லது ஜி.வி.டபிள்யூ.ஆரில் 1.5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால் எடைச் சீட்டில் உள்ள எண்ணைத் திருத்தித் தர வேண்டும். ஆனால் வாங்கியவர் பிறகு சேர்க்கும் பேட்டரி, சோலார் பலகை, சைக்கிள் தாங்கி எதையும் சீட்டு அறியாது. அதனால் பழைய வண்டி வாங்குகிறவர்கள் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. நெடுஞ்சாலையோர டிரக் நிறுத்தங்களில் எடை மேடை இருக்கும். டிரெய்லரைக் கழற்றி, மேடையில் தனியாக நிறுத்தி எடை பாருங்கள். அதை ஜி.வி.டபிள்யூ.ஆரிலிருந்து கழித்தால் வருவதுதான் நீங்கள் இனி ஏற்றக்கூடிய எடை.